கண்ணை வெளுக்காதீர்கள்: சிங்கப்பூரில் தமிழ்க் குடும்பங்களைப் படமெடுப்பவர்களுக்கும் திருத்துபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய படப்பிடிப்பாளர்களே, படம் திருத்தும் நண்பர்களே,

வணக்கம்.

காதுகுத்து, அரங்கேற்றம், திருமணம், வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம், கடைசியில் தமிழ் முரசில் வரும் இரங்கல் அறிவிப்பு. இந்த ஊரில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் முகங்கள் பெரும்பாலும் உங்கள் கணினியைத் தாண்டித்தான் ஆல்பத்துக்கும் சுவருக்கும் போகின்றன. அந்த முகங்களில் அதிகம் கெடுவது கண். தோலை அளவோடு மென்மையாக்கத் தெரிந்தவர்கள்கூடக் கண்ணுக்கு வந்ததும் வெள்ளையை வெளுத்து, பழுப்புக் கருவிழியைத் தேன்நிறமாக்கி, இமையை விரித்து அனுப்பிவிடுகிறார்கள். மணப்பெண்ணின் தங்கைக்கும் சித்திக்கும் பாட்டிக்கும் ஒரே கண் வந்து சேர்கிறது.

இதை எழுதும் நாங்களும் படம் திருத்திப் பிழைப்பவர்கள். திருத்தமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. கேமராவும் விளக்கும் வெயிலும் கண்ணுக்குச் செய்ததைச் சரிசெய்யுங்கள்; பிறப்பிலும் வயதிலும் கண்ணுக்கு வந்ததை உரியவரைக் கேட்காமல் தொடாதீர்கள். இதுதான் எங்கள் வேண்டுகோள். எந்தக் கருவியை எவ்வளவு நகர்த்தினால் இந்தக் கோட்டைத் தாண்டாமல் இருக்கலாம் என்பதை விவரமாகச் சொல்கிறோம்.

முதலில் வெள்ளைவிழி. அது வெள்ளையே அல்ல. அது உருண்டை, ஆகவே நடுவில் வெளிச்சமும் இரண்டு ஓரங்களிலும் நிழலும் விழும். மேலிமையும் இமைமயிரும் அதன் மேல்பகுதியில் ஒரு நிழல் பட்டையைப் போடும். மூக்கோர முனையில் இளஞ்சிவப்புச் சதை, கீழிமையில் ஈரக்கோடு, அங்கங்கே மெல்லிய நரம்பு. நம்மவர்களில் பலருக்குக் கருவிழியைச் சுற்றி வெள்ளையின் மேல் லேசான பழுப்புப் படர்வும் இருக்கும். தோலுக்கு நிறம் தரும் அதே நிறமிதான் அங்கேயும் இருக்கிறது; அது அழுக்கோ நோயோ அல்ல. வெயிலில் உழைத்தவர்களுக்குக் கருவிழியின் பக்கத்தில் மஞ்சளாக ஒரு சிறு மேடு இருக்கலாம். பல் வெளுக்கும் பிரஷ்ஷை எடுத்துக் கண்ணில் ஒரு தேய்ப்புத் தேய்த்தால் இத்தனையும் ஒன்றாகப் போய்விடும். உருண்டை தட்டையாகும், கண் முகத்தைவிட்டு முன்னால் மிதக்கும், தோல் இன்னும் கறுத்ததாகத் தெரியும். பிறகு தோலையும் வெளுக்கத் தோன்றும். ஒரு படம் முழுக்கக் கெடுவது பெரும்பாலும் இந்த வரிசையில்தான்.

நாங்கள் செய்யும் முறை இது. ரா (RAW) கோப்பிலிருந்து 16 பிட் கோப்பாகப் போட்டோஷாப்பில் திறந்துகொள்ளுங்கள். ஹியூ/சாச்சுரேஷன் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் ஒன்றைப் போட்டு, அதன் மாஸ்க்கை, அதாவது திருத்தம் எங்கே தெரியலாம் என்று காட்டும் மறைப்பை, கண்ட்ரோல்+ஐ அழுத்திக் கறுப்பாக்குங்கள். சிவப்பில் சாச்சுரேஷனை 15 முதல் 25 வரை குறையுங்கள், மஞ்சளில் 10 முதல் 15 வரை. அதே பெட்டியில் இருக்கும் லைட்னஸ் பக்கம் போகவே வேண்டாம். அது நிழலையும் வெளிச்சத்தையும் சேர்த்தே மேலே தூக்கிக் கண்ணில் மாவு பூசியதுபோல் ஆக்கிவிடும். ஹார்ட்னஸ் 0, ஃபுளோ 10 உள்ள வெள்ளை பிரஷ்ஷால், வெளிச்சம் ஏற்கெனவே விழுந்திருக்கும் நடுப்பகுதியில் மட்டும் தடவுங்கள். இமையோரம், மூக்கோரச் சதை, ஈரக்கோடு மூன்றையும் விட்டுவிடுங்கள். நிறத்தைக் குறைத்த பிறகும் கண் இருட்டாக இருந்தால் மட்டும் தனியாக ஒரு கர்வ்ஸ் லேயர்: நடுப்புள்ளியை 128லிருந்து 138 வரை ஏற்றலாம், அதற்கு மேல் வேண்டாம். மாஸ்க்குக்கு 1 அல்லது 2 பிக்சல் ஃபெதர் கொடுங்கள். இரண்டு லேயர்களையும் ஒரு குரூப்பில் போட்டு, முடிந்தபின் குரூப்பின் ஒப்பாசிட்டியை (அடர்த்தியை) 70க்கு இறக்கிப் பாருங்கள். பத்துக்கு எட்டுப் படங்களில் அந்த 70தான் சரியாக இருக்கும்.

கண்ணளவை மட்டும் நம்பாதீர்கள். பல மணிநேரம் திரையைப் பார்த்த கண்ணுக்கு எது வெள்ளை என்றே தெரியாது. ஐட்ராப்பரை 5க்கு 5 சராசரியில் வைத்து வெள்ளைவிழியின் மிக வெளிச்சமான இடத்தை அளந்து பாருங்கள். சிவப்பு எண் நீல எண்ணைவிடக் குறைந்தது 10 கூடுதலாக இருக்கவேண்டும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்று எண்களும் சமமாகிவிட்டால் அது பிளாஸ்டிக் கண். அதே வெளிச்சத்தில் மாப்பிள்ளையின் வேட்டி இருக்கிறதல்லவா, அதன் வெளிச்சமான மடிப்பையும் அளந்து பாருங்கள். வெள்ளைவிழி அதைவிட 40 அல்லது 50 எண்ணாவது கீழே இருக்கவேண்டும். வேட்டியை எட்டிப்பிடிக்கும் கண் எந்த மனிதருக்கும் கிடையாது.

விளக்கின் நிறத்தையும் மறக்காதீர்கள். வெள்ளைவிழி எந்த வெளிச்சத்தில் நிற்கிறதோ அந்த நிறத்தைத்தான் வாங்கும். அரக்குச் சிவப்புப் பட்டுச்சேலையின் சாயல் கண்ணின் கீழ்ப்பகுதியில் ஏறும். அரங்கேற்ற மேடையில் ஊதா விளக்கு எரியும்போது நர்த்தகியின் கண் மட்டும் பால்வெள்ளையாக இருந்தால், வேறொரு படத்திலிருந்து வெட்டி ஒட்டியதாகத்தான் தெரியும். பரதப் படங்களில் கடைக்கண் பார்வையில் வெள்ளை அதிகம் வெளியே தெரியும், மையும் அழுத்தமாக இருக்கும். அங்கே ஒரு சிறு மிகையும் அபிநயத்தைக் கெடுத்துவிடும். பார்வையின் திசையை மாற்றித் தரும் ஸ்மார்ட் போர்ட்ரெய்ட் போன்ற வடிகட்டிகளை நடனப் படங்களில் பயன்படுத்துவது, ஆடியவர் செய்யாத ஒன்றை அவர் செய்ததாகக் காட்டுவது. தயவுசெய்து வேண்டாம்.

நரம்புகள் பற்றி: புது வெற்று லேயரில், ஹீலிங் பிரஷ்ஷின் சாம்பிளைக் கரன்ட் அண்ட் பிலோ என்று வைத்து, தடித்த ஒன்றிரண்டை மட்டும் எடுங்கள். நரம்பின் நீளவாக்கில் இழுக்காமல், குறுக்காகச் சின்னச் சின்னத் தொடுதல்களாகப் போங்கள். நீளவாக்கில் இழுத்தால் நரம்பு போன இடத்தில் வழுவழுப்பான ஒரு பாதை மிஞ்சும். கருவிழியின் ஓரத்தை ஒட்டி ஹீலிங் செய்தால் கறுப்பு வெள்ளைக்குள் ஒழுகும். அக்கம்பக்க நிறத்தைக் கலப்பது அந்தக் கருவியின் இயல்பு. அங்கே குளோன் ஸ்டாம்ப்பை லைட்டன் மோடில், 20 முதல் 30 ஒப்பாசிட்டியில் வையுங்கள். மூக்கோரத்து மெல்லிய நரம்புகளை அப்படியே விடுங்கள்.

கோயில் திருமணம் என்றால் ஹோமப் புகை இருக்கும். சீனிவாசப் பெருமாள் கோயிலோ வேறு கோயிலோ, மண்டபத்தில் ஒரு மணிநேரம் உட்கார்ந்தால் மணமக்கள் இருவருக்கும் கண் சிவக்கும். அது புகை செய்தது, குறைக்கலாம். எல்லோருக்கும் சமமாகச் சிவந்திருந்தால் மேலே சொன்ன சிவப்புக் குறைப்பை 30 வரை கூட்டலாம். ஆனால் தாரை வார்க்கும்போது அப்பாவின் கண் சிவந்திருப்பது புகையால் அல்ல. அந்தச் சிவப்பையும் ஈரக்கோட்டில் தேங்கிய நீரையும் தொடாதீர்கள். அந்தக் குடும்பம் ஆல்பத்தில் தேடப்போகும் பக்கம் அதுதான்.

இனிக் கருவிழி. நீங்கள் பார்த்துக் கற்றுக்கொண்ட பெரும்பாலான காணொளிகளில் மாதிரியின் கண் நீலம் அல்லது பச்சை. நீலக் கண்ணில் நீல நிறமி எதுவும் கிடையாது. நிறமி மிகக் குறைவாக இருப்பதால் ஒளி சிதறி நீலமாகத் தெரிகிறது, உள்ளே இருக்கும் இழைகளும் தெளிவாகத் தெரிகின்றன. நம் அடர்பழுப்புக் கருவிழியின் முன்னடுக்கில் மெலனின் நிறைய இருக்கிறது. அது ஒளியை விழுங்கிக்கொள்வதால் கேமராவுக்குக் கிடைக்கும் தகவலே குறைவு. லைட்ரூமில் இருக்கும் ஐரிஸ் என்ஹான்ஸ் பிரஷ் எக்ஸ்போஷர், சாச்சுரேஷன், கிளாரிட்டி மூன்றையும் ஒன்றாக உயர்த்துகிறது. நீலக் கண்ணில் அது இழைகளைத் தூக்கிக் காட்டும். பழுப்புக் கண்ணில் அது தூக்குவது நாய்ஸ் என்னும் புள்ளிக் கோளாறையும் ஆரஞ்சு நிறத்தையும்தான். மணமகள் நிற லென்ஸ் போட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். லென்ஸில் அச்சிட்ட புள்ளிகள் வரிசையாக எழுந்து நிற்கும்.

பழுப்புக் கண்ணுக்கு உயிர் கொடுக்கும் இடம் ஒரு பிறைதான். விளக்கு மேலே இடப்பக்கம் இருந்தால், கடிகார முகத்தில் 10 இருக்கும் இடத்தில் கேட்ச்லைட், அதாவது கண்ணில் தெரியும் விளக்கின் பிம்பப் புள்ளி, விழும். ஒளி உள்ளே புகுந்து எதிர்ப்பக்கம், 4 இருக்கும் இடத்தில் கருவிழியை ஒளிரவைக்கும். அந்தப் பிறையை மட்டும் கர்வ்ஸில் 128லிருந்து 145க்குள் ஏற்றுங்கள். லேயரின் பிளெண்டிங் மோடை லூமினாசிட்டியில் வைத்தால் ஆரஞ்சு ஏறாது. மேல் மூன்றிலொரு பங்கு இமை நிழலில் இருட்டாகவே இருக்கட்டும். கருவிழியின் வெளி விளிம்பில் இருக்கும் கரும் வளையத்தை அழிக்காதீர்கள். இளமையான கண்ணின் அடையாளமே அதுதான். கண்மணி (கருவிழியின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம்) வெளிறியிருந்தால் லேசாகக் கறுப்பாக்கலாம். ஆனால் அதன் அளவைச் சுருக்கவோ விரிக்கவோ வேண்டாம்.

கூர்மையைக் கடைசியாகக் கூட்டுங்கள். 24 மெகாபிக்சல் படத்தில் முகம் மட்டும் நிறைந்திருந்தால் ஹை பாஸ் ரேடியஸ் 1 முதல் 2 பிக்சல் போதும். மோட் சாஃப்ட் லைட்; மாஸ்க் கருவிழியிலும் இமைமயிரிலும் மட்டும். வெள்ளையைக் கூர்மையாக்கினால் நீங்கள் இப்போதுதான் குறைத்த நரம்புகள் திரும்பிவரும். ஃபோகஸ் காதிலோ மூக்கிலோ விழுந்த படத்தை எந்தக் கூர்மையும் காப்பாற்றாது, வேறு படத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கேட்ச்லைட்டை வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டுவது இப்போது பழக்கமாகிவருகிறது. நிழல் மூக்கின் வலப்பக்கம் விழுந்திருக்க, கேட்ச்லைட்டும் வலப்பக்கமே இருந்தால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ உறுத்தும். இருக்கும் கேட்ச்லைட் மங்கியிருந்தால் அதையே தெளிவாக்குங்கள். இரண்டு விளக்கால் இரண்டு புள்ளி விழுந்திருந்தால் சின்னதை எடுத்துவிடலாம். அதில் தவறில்லை, அது விளக்கு செய்தது.

உண்மையில் இங்கே பாதித் திருத்தம் படமெடுக்கும்போதே தேவையற்றதாகிவிடும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒன்றேகால் பாகைதான் வடக்கே. ஆண்டு முழுக்க நடுப்பகல் வெயில் ஏறக்குறைய தலைக்கு நேர்மேலே நிற்கும், புருவத்துக்குக் கீழே இரண்டு கரும் குழிகள் விழும். நம் கடிகாரம் சூரியனைவிட முந்திப்போவதால் உச்சிவெயில் இங்கே 12 மணிக்கு அல்ல, 1 மணி வாக்கில். ஆகவே 11:30க்கும் 2:30க்கும் இடையில் வெட்டவெளியில் முகப்படம் எடுக்காதீர்கள். வீவக அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்து விளிம்பிலோ, சிராங்கூன் ரோட்டுக் கடைவீடுகளின் ஐந்தடிப் பாதையிலோ தெருவைப் பார்க்க நிறுத்துங்கள். தலைக்கு மேல் கூரை மேல்வெளிச்சத்தை வெட்டும், முன்னால் இருக்கும் திறந்த வானம் கண்ணுக்குள் அகலமான கேட்ச்லைட்டாக விழும். மார்பளவில் ஒரு வெள்ளை ரிஃப்ளெக்டர் பிடித்தால் கண்ணுக்குக் கீழே தெரியும் கருவளையமும் பாதி குறையும். வெள்ளி ரிஃப்ளெக்டர் வேண்டாம், கண்ணைச் சுருக்கவைக்கும்.

கருவளையம் நம்மவர்களில் பலருக்கு அம்மா வழியிலோ அப்பா வழியிலோ வந்தது. அதை முழுக்க எடுத்தால் முகமே மாறிவிடும். உரியவரைக் கேட்டு, 30 முதல் 50 விழுக்காடு குறைப்பதோடு நில்லுங்கள். வெறுமனே வெளிச்சத்தைக் கூட்டினால் சாம்பல் பூக்கும். அங்கே பழுப்போடு நீலச் சாயலும் கலந்திருக்கிறது, வெளிச்சம் ஏறும்போது அந்த நீலமும் ஏறும். முதலில் நிறத்தைச் சரிசெய்யுங்கள்: கலர் மோடில் ஒரு வெற்று லேயர், கன்னத்திலிருந்து எடுத்த நிறம், 10 முதல் 15 ஒப்பாசிட்டி. அதன் பிறகு கர்வ்ஸால் கொஞ்சம் தூக்குங்கள். சிரிக்கும்போது கீழிமைக்கு அடியில் எழும் சிறு மேட்டைக் கருவளையம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள், சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும். கலைந்த கண்மையைத் துடைக்கலாம். இட்ட மையை விட்டுவிடுங்கள்.

மூக்குக் கண்ணாடி இந்த ஊரில் தனிப் பாடம். உலகிலேயே கிட்டப்பார்வை மிகுந்த நாடுகளில் ஒன்று சிங்கப்பூர். கிட்டப்பார்வை லென்ஸ் கண்ணைச் சிறிதாக்கிக் காட்டும்; லென்ஸுக்குள் தெரியும் கன்ன விளிம்பும் உள்ளே தள்ளித் தெரியும். கண் சிறிதாக இருக்கிறதே என்று லென்ஸுக்குள் கண்ணை மட்டும் பெரிதாக்கினால் அந்த விளிம்போடு பொருந்தாது. பச்சையாகப் பளபளக்கும் பூச்சுப் பிரதிபலிப்பு இருந்தால், அடியில் கண் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கலர் மோட் லேயரில் தோல் நிறத்தைப் பூசி, கர்வ்ஸால் கொஞ்சம் இருட்டாக்கினால் போய்விடும். முழு வெள்ளையாக எரிந்திருந்தால் அங்கே எதுவுமே பதிவாகவில்லை. இன்னொரு படத்திலிருந்துதான் எடுக்கவேண்டும். அதுவும் கண்ணாடி போட்டபடி எடுத்ததாக இருக்கவேண்டும், கழற்றிவிட்டு எடுத்தால் கண்ணின் அளவே வேறாக இருக்கும். எளிய வழி: கண்ணாடியின் காலைக் காதுக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் தூக்கிவைக்கச் சொல்லுங்கள். லென்ஸ் கீழ்நோக்கிச் சாயும், விளக்கின் பிம்பம் கேமராவை விட்டு விலகும். விளக்கையும் ஒரு முழம் உயர்த்துங்கள்.

வடிவத்தை இழுத்து மாற்றும் லிக்விஃபை கருவியில் கண்ணைப் பெரிதாக்கும் வேலையை நிறுத்துங்கள். வளர்ந்தவர்களின் கருவிழி ஏறக்குறைய எல்லோருக்கும் 11 முதல் 12 மில்லிமீட்டர்தான். முகத்துக்கு முகம் மாறுவது இமையின் திறப்பும் முகத்தின் அளவும். கருவிழியைப் பெரிதாக்கிய முகத்தைப் பார்ப்பவரின் மனம் குழந்தை என்றோ பொம்மை என்றோ எடுத்துக்கொள்ளும். சிரித்ததில் ஒரு கண் சற்று அதிகம் மூடியிருந்தால், அந்தக் கண்ணின் ஐ ஹைட்டை மட்டும் 5 முதல் 8 வரை ஏற்றலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் வேறு படம் எடுங்கள்.

குடும்பக் குழுப்படத்தில் யாராவது ஒருவர் கண்ணை மூடியிருப்பார். ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு அமைப்பைச் சேர்ந்த இருவர் இதற்குக் கணக்கே போட்டு, சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக்நோபல் பரிசை 2006இல் வாங்கினார்கள்: 20 பேருக்கு உட்பட்ட குழுவில், நல்ல வெளிச்சம் என்றால் ஆட்களின் எண்ணிக்கையை 3ஆல் வகுங்கள், மங்கல் வெளிச்சம் என்றால் 2ஆல். அத்தனை படங்கள் எடுத்தால் எல்லோரும் கண் திறந்த படம் ஒன்று பெரும்பாலும் கிடைத்துவிடும். அப்படியும் மாற்றவேண்டி வந்தால் இரண்டு படங்களையும் ஆட்டோ அலைன் செய்து, தலை ஒரே கோணத்தில் இருக்கிறதா என்று பார்த்து, புருவம் முதல் கன்ன மேடு வரை சேர்த்து மாற்றுங்கள். ஒற்றைக் கண்ணை மட்டும் மாற்றினால் பார்வை இரண்டு திசையில் போகும்.

பெரியவர்களின் படங்களில் உங்கள் கை இன்னும் மெதுவாகப் போகவேண்டும். வயதானவர்களின் கருவிழி ஓரத்தில் சாம்பல் நிறமாக ஒரு வளையம் இருப்பது சாதாரணம். தானியங்கி மென்பொருள்கள் அதை மங்கல் என்று எண்ணிக் கருப்பாக்கிவிடும். தாத்தாவுக்கு முப்பது வயதுக்காரரின் கண் வந்துவிடும். இரங்கல் அறிவிப்புக்கென்று பழைய படத்தைக் கொண்டுவந்து தருவார்கள். ஏஐ கருவியில் போட்டால் சில நொடிகளில் கூர்மையான முகம் வரும். அந்தக் கண் யாருடையது? முகத்தின் அகலத்தில் கருவிழி ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு. முகம் 80 பிக்சல் அகலம் என்றால் கருவிழிக்கு 6, 7 பிக்சல்தான். அதில் இல்லாத இழையையும் இமை மடிப்பையும் மென்பொருள் தானாகவே வரைந்து நிரப்புகிறது. பிள்ளைகள் அந்தப் படத்தின் முன்னால் விளக்கேற்றப் போகிறார்கள். அவர்கள் பார்க்கவேண்டியது அந்த மனிதரின் கண்ணை.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தோடு வேலையைத் தொடங்காதீர்கள். அசல் அச்சுப்படத்தைக் கேட்டு வாங்குங்கள். 35க்கு 45 மில்லிமீட்டர் பாஸ்போர்ட் படத்தை 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஏறக்குறைய 1650க்கு 2125 பிக்சல் கிடைக்கும், கண்ணுக்குத் தேவையான விவரம் அதிலேயே இருக்கும். பட்டுத்தாள் போன்ற சொரசொரப்புத் தாள் என்றால், ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகவும் ஸ்கேன் செய்து, ஒன்றைத் திருப்பி மேலே வைத்து அலைன் செய்து, ஒப்பாசிட்டியை 50 ஆக்குங்கள். தாளின் மேடுபள்ளம் பெரும்பகுதி மறையும். கண்மணியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது தூசியா கேட்ச்லைட்டா என்று பார்த்து எடுங்கள். கேட்ச்லைட் இரண்டு கண்ணிலும் ஒரே இடத்தில் இருக்கும். முடிந்தபின் அசலையும் திருத்தியதையும் ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இமை மடிப்பு, புருவ எலும்பு, பார்வைத் திசை மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

குழந்தைகளின் படங்களில் நீங்கள் கட்டாயம் தெரிந்திருக்கவேண்டிய ஒன்று உண்டு. ஃபிளாஷ் போட்டு எடுக்கும்போது கண்மணி சிவப்பாகத் தெரிவது இயல்பு, அதை ரெட் ஐ கருவியால் திருத்தலாம். பழுப்புக் கண்ணில் கருவியின் கண்மணி அளவை இறக்கி வையுங்கள், இல்லாவிட்டால் கருவிழி முழுவதையும் கறுப்பாக்கிவிடும். ஆனால் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவோ மஞ்சளாகவோ பளிச்சிட்டால் அதை அழித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போகாதீர்கள். கேமராவின் கோணத்தாலும் அப்படித் தெரியலாம். ஆனால் பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைத் தாக்கும் விழித்திரைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் அதுதான், கண்புரையாகவும் இருக்கலாம். மற்ற படங்களிலும் அதே கண்ணில் வருகிறதா என்று பாருங்கள். திருத்தாத படத்தைப் பெற்றோருக்கு அனுப்பி, தாமதிக்காமல் பலதுறை மருந்தகத்திலோ கண் மருத்துவரிடமோ காட்டச் சொல்லுங்கள். நோய் இன்னதென்று நீங்கள் சொல்லவேண்டாம், படத்தைக் காட்டச் சொன்னால் போதும். கேட்ச்லைட் இரண்டு கண்ணிலும் வெவ்வேறு இடத்தில் விழுந்திருந்தால் மாறுகண்ணாக இருக்கலாம். அதையும் கேட்காமல் நேராக்காதீர்கள்.

பாஸ்போர்ட், அடையாள அட்டைப் படங்களில் கண் திருத்தமே கூடாது. குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம் கேட்பது 400க்கு 514 பிக்சலில், வெள்ளைப் பின்னணியில், கடந்த மூன்று மாதத்துக்குள் எடுத்த படம். 2017 முதல் அது கருவிழிப் பதிவையும் சேகரிக்கிறது. சாங்கி விமான நிலையத்தில் 2024இல் வந்த, பாஸ்போர்ட் காட்டத் தேவையில்லாத சோதனை முறை முகத்தையும் கருவிழியையும் வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கிறது. அளவுக்கு வெட்டுங்கள், எக்ஸ்போஷரைச் சரிசெய்யுங்கள், அதோடு விடுங்கள்.

இனி உங்கள் ஸ்டூடியோ நடைமுறை பற்றி. திருமணப் படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும்போது லைட்ரூமின் பீப்பிள் மாஸ்க்கில் வெள்ளைவிழி, கருவிழி என்று தேர்ந்தெடுத்து எல்லாவற்றுக்கும் சிங்க் செய்வது புரிகிறது. அது ஒவ்வொரு படத்துக்கும் மாஸ்க்கைப் புதிதாகக் கண்டுபிடிக்கும். ஆனால் வெளிச்சத்தைப் புரிந்துகொள்ளாது. ஜன்னலோரப் படத்துக்குப் போட்ட அளவு மணவறைப் படத்துக்குப் பொருந்தாது. மூக்கோரச் சதையும் ஈரக்கோடும் பல நேரம் அந்த மாஸ்க்குக்குள் சிக்கிக்கொள்ளும். சிங்க் செய்தே ஆகவேண்டும் என்றால் எக்ஸ்போஷர் 0.10, சாச்சுரேஷன் கழித்தல் 10 என்ற அளவைத் தாண்டாதீர்கள். பெரிய அச்சுக்குப் போகும் படங்களைக் கையால் செய்யுங்கள். திரையை 6500 கெல்வின், காமா 2.2, 100 முதல் 120 நிட் வெளிச்சத்தில் அளவீடு செய்துகொள்ளுங்கள். திரை மிகப் பளிச்சென்றிருந்தால் கண்ணை இருட்டாக விட்டுவிடுவீர்கள், மங்கியிருந்தால் கண்ணை வெளுப்பீர்கள். 200 விழுக்காட்டில் வேலை செய்யலாம், முடிவெடுப்பது 25 விழுக்காட்டில்.

வேலையைச் சென்னைக்கோ கோவைக்கோ அனுப்பித் திருத்தி வாங்குபவர்கள், கோப்புகளோடு ஒரு பக்கக் குறிப்பும் அனுப்புங்கள். யாருக்கு நிற லென்ஸ், யாருக்கு மாறுகண், எந்தப் பெரியவருக்குக் கண்புரை, எதைத் தொடவே கூடாது என்று அதில் எழுதுங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு அந்த முகங்களைத் தெரியாது. பிறவி அடையாளத்தையும் கேமராக் கோளாறையும் அவரால் பிரித்தறிய முடியாது. இலவச ஏஐ தளங்களில் வாடிக்கையாளர் முகத்தை ஏற்றுமுன் இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஒருவரை அடையாளம் காட்டும் படம் 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் தகவல். அதை வெளிநாட்டுச் சர்வருக்கு அனுப்புவதற்கும் அந்தச் சட்டத்தில் நிபந்தனைகள் உண்டு.

முன்பணம் வாங்கும் நாளிலேயே கண்ணைப் பற்றி நான்கு கேள்வி கேளுங்கள்: கண்ணில் மாற்றவே கூடாதது என்ன, கருவளையத்தை எவ்வளவு குறைக்கலாம், மூடிய கண்ணை வேறு படத்திலிருந்து மாற்றலாமா, ஏஐ கருவி பயன்படுத்தலாமா. பதிலை ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "கண்ணை நன்றாகப் பளிச்சென்று பண்ணிக் கொடுங்க" என்று மணமகளே கேட்டால் அது அவர் விருப்பம், செய்து கொடுங்கள். அம்மாவுக்கும் பாட்டிக்கும் அதையே செய்ய அது அனுமதி அல்ல. கண் திருத்தம் அத்தனையையும் ஒரே குரூப்பில், "கண்" என்று பெயரிட்டு, கீழே இருக்கும் படத்தோடு கலக்காமல் பிஎஸ்டி கோப்பில் வைத்திருங்கள். ஆல்பம் அச்சேறுமுன் முகப்படங்களை அந்த குரூப் இருக்கும்படி ஒன்றும் அணைத்தபடி ஒன்றுமாகக் குடும்பத்துக்கு அனுப்புங்கள். எது அச்சுக்குப் போவது என்பதை அவர்கள் சொல்லட்டும்.

அன்புடன்,
படத்திருத்தத் தொழிலில் இருக்கும் தமிழர்கள் சிலர்
சிங்கப்பூர்